நீல அட்டையில் ஒரு கட்டைவிரல்

என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய இடது கைக் கட்டைவிரல் ஊதா மையில் பதிந்திருக்கிறது. அதற்கு மேலும் கீழுமாக அவள் பெயரையும் ‘கைநாட்டு’ என்ற சொல்லையும் பத்திர எழுத்தர் எழுதியிருக்கிறார். படிக்காதவர்களைக் குத்திக்காட்ட நம் ஊரில் இன்றும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். அந்தப் பாட்டிதான் கோடை விடுமுறையில் எங்களைத் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் விரலையும் வெளிச்சத்துக்குத் திருப்பி, “இது சங்கு, இது சக்கரம், இதுவும் சக்கரம்” என்று எண்ணுவாள். பத்து விரலிலும் சக்கரம் இருந்தால் ராஜா மாதிரி வாழ்வான் என்பாள். எனக்கு நான்கு சக்கரம். “உனக்கு எத்தனை பாட்டி?” என்று கேட்டால் கையை மூடிக்கொள்வாள். “எனக்கு என்னடா இருக்கு? பாத்திரம் தேச்சுத் தேச்சு எல்லாம் அழிஞ்சு போச்சு.”

விரல் நுனியில் சங்கையும் சக்கரத்தையும் பிரித்து எண்ணும் அதே வேலையைக் கல்கத்தாவில் இரண்டு வங்காள இளைஞர்கள் 1890களில் உட்கார்ந்து செய்தார்கள். அவர்கள் போட்ட கணக்கின் தோளில் ஏறித்தான் கைரேகை என்னும் சாட்சி உலகத்தின் கொலை வழக்குகளுக்குள் நுழைந்தது. கைரேகை என்றதும் நமக்கு லண்டனும் ஸ்காட்லாந்து யார்டும் நினைவுக்கு வருகின்றன. லண்டனுக்கு அது போய்ச் சேர்ந்தது பிற்பாடு.

கதை ஒரு ரோட்டு காண்டிராக்டில் தொடங்குகிறது. 1858 ஜூலை, வங்காளத்தின் ஜாங்கிப்பூர். முந்தைய ஆண்டு வெடித்த பெரும் எழுச்சி இன்னும் முழுதாக அடங்கவில்லை. வில்லியம் ஹெர்ஷல் என்ற 25 வயது ஆங்கிலேய அதிகாரி, சாலை போடத் தேவையான சரளையைத் தருவதாக ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை. அலுவலக முத்திரைக்காக வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையில் பூசி, காகிதத்தின் பின்பக்கம் அழுத்தச் சொன்னார். நாளைக்கு ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று கோனாய் மறுத்துவிடக் கூடாது, அந்த நினைப்பே வராதபடி அவரைப் பயமுறுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று ஹெர்ஷலே பின்னாளில் எழுதினார்.

ஆள்பவனுக்கு ஆளப்படுபவனின் வாய்ச்சொல்லில் நம்பிக்கை இல்லை. கைரேகை பிறந்த இடம் அந்த அவநம்பிக்கை. இதை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஹெர்ஷல் அதோடு நிற்கவில்லை. தன் விரல்களையும், கூட வேலை பார்த்தவர்களின் விரல்களையும், நண்பர்களின் விரல்களையும் வருஷக்கணக்காகப் பதித்துப் பதித்துச் சேர்த்தார். பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து அதே ஆளிடம் மறுபடியும் எடுத்து ஒப்பிட்டார். முகம் மாறியிருந்தது, கையெழுத்து மாறியிருந்தது, ரேகை மாறவில்லை. 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன் வாங்குவோர், பத்திரம் பதிவோர், சிறைக்குப் போவோர் என மூன்று தரப்பிடமும் ரேகை எடுக்க ஏற்பாடு செய்தார். செத்துப்போனவர் பெயரில் இன்னொருவர் பென்ஷன் வாங்குவதும், காசு கொடுத்துத் தன் தண்டனையை வேறொருவனை அனுபவிக்க வைப்பதும் அன்றைக்கு நடக்காத காரியங்கள் அல்ல. என் பாட்டியின் ஊதா ரேகை அந்த ஹூக்ளி அலுவலகத்தின் வழிவந்தது.

ஹெர்ஷலுக்குக் குற்றம் நடந்த இடம் நினைவுக்கு வரவில்லை. வந்தது, டோக்கியோவில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஹென்றி ஃபால்ட்ஸுக்கு. கடலோரத்தில் தோண்டியெடுத்த பழங்காலப் பானை ஓடுகளில் குயவரின் விரல் பதிவுகளைக் கண்டு அவர் ஆராயத் தொடங்கினார். மண் காய்ந்து நூற்றாண்டுகள் போன பிறகும் விரல் மட்டும் அப்படியே இருந்தது. 1880 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், குற்றவாளியைக் கண்டுபிடிக்க இது உதவும் என்றார். அந்தக் கடிதத்தில் அவர் காட்டும் இரண்டு அனுபவங்களில் ஒன்று என்னை நிறுத்திவிடுகிறது. ஒரு வெள்ளைச் சுவரில் ஏறியவனின் கரிபடிந்த விரல் பதிவுகள், சந்தேகிக்கப்பட்டவன் குற்றவாளி அல்ல என்று காட்டப் பயன்பட்டன. கைரேகை தன் குழந்தைப் பருவத்தில் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஒருவனை விடுவித்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டும்.

1892 ஜூன் இறுதி. புவனஸ் அயர்ஸ் மாகாணத்தின் கடலோர ஊரான நெகோசேயா. பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்ற பெண்ணின் இரண்டு குழந்தைகள், பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு 4 வயது, வீட்டுக்குள் கொலையுண்டு கிடந்தார்கள். தாயின் கழுத்திலும் ஒரு காயம், ஆனால் ஆழமில்லை. தன்னை மணக்கக் கேட்டு மறுக்கப்பட்ட வெலாஸ்கெஸ் என்ற கூலியாள்தான் கொன்றான் என்று அவள் சொன்னாள். உள்ளூர் போலீஸ் அவனைப் பிடித்து அடித்தது. அடித்தும் ஒப்புக்கொள்ளாததால் இரவு முழுக்க அந்தக் குழந்தைகளின் உடல்களுக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டது. அப்போதும் அவன் இல்லை என்றே சொன்னான். அதற்குப் பிறகும் சித்திரவதை நிற்கவில்லை.

மாகாணத் தலைநகரான லா பிளாட்டாவிலிருந்து ஆல்வரெஸ் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். அங்கே போலீஸ் அலுவலகத்தில் ஹுவான் வுசெட்டிச் என்ற குரோஷியர் ஒருவர் முந்தைய ஆண்டிலிருந்தே கைதிகளின் பத்து விரலையும் பதிந்து அடுக்கிவந்தார். ஆல்வரெஸுக்கு அந்த வேலை தெரியும். கொலை நடந்த நேரத்தில் வெலாஸ்கெஸ் நண்பர்களோடு வெளியே இருந்தது விசாரித்ததில் தெரிந்தது. வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவருக்குக் கதவுச் சட்டத்தில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கறைக்குள் வரி வரியாகக் கோடுகள். ரத்தத்தில் தோய்ந்த கட்டைவிரல். ரம்பம் வாங்கி அந்த மரத்துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். ரோஹாஸை வரவழைத்து வலது கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதியவைத்தார். இரண்டும் ஒன்று. பூதக்கண்ணாடியை அவளிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னபோது அவள் உடைந்துபோனாள். குழந்தைகளோடு அவளை ஏற்க மனமில்லாத ஒரு காதலனுக்காக அவளே செய்த கொலை அது. அவளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

உலகில் கைரேகையால் துலங்கிய முதல் கொலை வழக்கு என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு வெலாஸ்கெஸ்தான் முக்கியம். அடியும் கட்டும் அந்த இரவும் அவன் வாயிலிருந்து ஒரு பொய்யை வரவழைத்திருக்கலாம். நம் ஊர்க் காவல் நிலையங்களில் அப்படி வந்த ஒப்புதல்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். விரல் அளவு மரத்துண்டு ஒன்று அவனை வீட்டுக்கு அனுப்பியது.

நெகோசேயாவில் சந்தேகப்பட இரண்டே பேர்தான் இருந்தார்கள். இரண்டு விரலை ஒப்பிட எந்த அமைப்பும் வேண்டாம். லட்சம் பேரின் ரேகை அலமாரியில் இருந்து, கையில் இருப்பது யாருடையது என்று தேட வேண்டுமானால்? ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. பாரிஸில் பெர்த்தியோன் என்பவர் கைதிகளின் தலை, விரல், முழங்கை, பாதம் என்று 11 அளவுகள் எடுத்து வகைப்படுத்தி வந்தார். ஐரோப்பா முழுக்க அதற்கு மரியாதை. வங்காளப் போலீஸும் அதைத் தொடங்கியது. ஆனால் ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வந்தது. அளக்கிறவன் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் போச்சு.

வங்காளத்தின் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரல் எட்வர்ட் ஹென்றி. பிரான்சிஸ் கால்டன் 1892இல் வெளியிட்ட கைரேகைப் புத்தகத்தைப் படித்துவிட்டு, லண்டன் போனபோது அவரை நேரிலும் பார்த்துவந்தவர். இரண்டு பேரின் ஒரு விரல் ரேகை ஒத்துப்போக 6,400 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று கால்டன் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அலமாரிப் பிரச்சினைக்கு அவரிடமும் நல்ல விடை இல்லை. விடை கல்கத்தாவில் ஹென்றிக்குக் கீழே வேலை பார்த்த இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களிடமிருந்து வந்தது. ஒருவர் காஜி அஸீஸுல் ஹக். பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர், அப்போது வயது இருபதுகளின் நடுவில். இன்னொருவர் ஹேம் சந்திர போஸ்.

அவர்கள் செய்ததை என் பாட்டியின் மொழியிலேயே சொல்லிவிடலாம். பத்து விரலுக்கும் வரிசை எண் கொடு. வலது கட்டைவிரல் 1, வலது சுண்டுவிரல் 5, இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10. இப்போது இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து ஜோடி. முதல் ஜோடியில் எந்த விரலில் சக்கரம் இருந்தாலும் அதற்கு மதிப்பு 16. அடுத்த ஜோடிக்கு 8, அதற்கடுத்து 4, பிறகு 2, கடைசி ஜோடிக்கு 1. சக்கரம் இல்லாத விரலுக்கு மதிப்பே இல்லை, அது சங்காக இருந்தாலும் சரி, வில் வளைவாக இருந்தாலும் சரி. இரட்டை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்றைச் சேர்த்து மேலே எழுது. ஒற்றை எண் விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்றைச் சேர்த்துக் கீழே எழுது. மேலே 32 எண் வரலாம், கீழே 32 எண் வரலாம். 32 வரிசை, வரிசைக்கு 32 மாடம், ஆக 1024 மாடங்கள் கொண்ட ஓர் அலமாரி. எந்தக் கையும் அதில் ஏதோ ஒரு மாடத்தில்தான் போய் விழும்.

என் நான்கு சக்கரங்கள் வலது கட்டைவிரல், வலது மோதிரவிரல், இடது கட்டைவிரல், இடது மோதிரவிரல் ஆகியவற்றில் இருக்கின்றன. கணக்குப் போட்டால் மேலே 13, கீழே 18. என் தம்பிக்கும் நான்கு சக்கரம்தான், ஆனால் வேறு விரல்களில். அவனுடைய மாடம் வேறு. பாட்டி எத்தனை என்று மட்டும் எண்ணினாள். ஹக் எங்கே என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் ஒரு சாஸ்திரம் அறிவியலானது. மாடத்துக்குள் போன பிறகு மேடுகளை எண்ணியும், கோடுகள் பிரியும் இடங்களைப் பார்த்தும் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வழிகள் செய்தார்கள். ரேகையைத் தந்தியில் அனுப்பும்படி எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றும் குறியீட்டைப் போஸ் பின்னாளில் உருவாக்கினார்.

இந்திய அரசு ஒரு குழு வைத்துச் சோதித்தது. 1897 ஜூன் 12 அன்று ஒப்புதல் கிடைத்தது. குற்றவாளிகளின் ரேகைகளை வகைப்படுத்தி வைக்கும் பிரிவு கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கில் அமைந்தது. இரண்டே மாதத்தில் அதற்குச் சோதனை வந்தது.

பூட்டான் எல்லையை ஒட்டிய ஜல்பாய்குரி மாவட்டம். மழைக்காலம், ஆகஸ்ட். ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர் தன் கட்டிலில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பெட்டியும் பணப்பெட்டகமும் திறந்து கிடந்தன. சில நூறு ரூபாய் போயிருந்தது. யார் மேல் சந்தேகம் என்று கேட்டால் தோட்டமே விரல் நீட்டியது. மேலாளர் கடுமையானவர் என்பதால் கூலிகள் மேல் சந்தேகம். துணியில் ரத்தக் கறை இருந்ததால் சமையல்காரர் மேல் சந்தேகம். அது தான் அறுத்த புறாவின் ரத்தம் என்றார் அவர். மேலாளருக்குத் தொடர்பிருந்த ஒரு பெண்ணின் உறவினர்கள் மேல் சந்தேகம். சற்று முன்பு அப்பக்கம் கூடாரம் போட்டிருந்த காபூலிக்காரர்கள் மேலும் சந்தேகம். அடித்து விசாரிக்க வேண்டுமென்று நினைத்தால், அடிக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லாத வழக்கு.

திறந்து கிடந்த பெட்டியின் காகிதங்களுக்கு நடுவே புத்தக வடிவில் வங்காளி நாட்காட்டி ஒன்று இருந்தது. வெளிர் நீல அட்டை. அதன் மேல் பழுப்பாக இரண்டு மங்கலான தீற்றல்கள். ஒன்று வெறும் இழுப்பு. இன்னொன்றில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு விரலின் பகுதி தெரிந்தது.

விரல் நுனியை இப்போது ஒரு தரம் பாருங்கள். உழுது போட்ட வயல்போல் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேட்டின் மேல் வரிசையாக வியர்வைத் துளைகள். கருவில் மூன்றாம் மாதவாக்கில் உருவாகத் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் இந்த வயல் உழுது முடிந்துவிடுகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட ஒன்றுபோல் அமைவதில்லை. மேல்தோல் தேய்ந்தாலும் அடித்தோலின் வடிவப்படியே மறுபடி எழும்பிவிடுகிறது. மேடு தொட்ட இடத்தில்தான் ரத்தமோ மையோ வியர்வையோ ஒட்டும். பள்ளம் வெறுமையாக நிற்கும். நீல அட்டையில் பதிந்திருந்தது அப்படி ஒரு வயலின் ஓரம்.

அட்டை கல்கத்தாவுக்குப் போனது. அந்தப் பிரிவில் இருந்த பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். காங்காலி சரண் என்பவனின் வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. அவன் அந்த மேலாளரிடமே வேலை பார்த்தவன். அவர் கொடுத்த திருட்டுப் புகாரில் சிறைக்குப் போய், கொலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வெளியே வந்திருந்தான். சிறைக்குப் போனதால்தான் அவன் விரல் அலமாரியில் இருந்தது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வீர்பூம் மாவட்டத்தில் அவனைப் பிடித்து, கல்கத்தாவில் மறுபடி ரேகை எடுத்தார்கள். அதே விரல். கறையைச் சோதித்த அரசு இரசாயனப் பரிசோதகர் அது பாலூட்டியின் ரத்தம் என்றார். புறா கணக்கிலிருந்து விழுந்தது. அந்தக் காலத்துக்கு அதற்கு மேல் சொல்ல வழியில்லை. மனித ரத்தத்தைப் பிரித்தறியும் சோதனை 1901இல்தான் வந்தது.

1898 மே மாதம் தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டு இரண்டு: கொலை, திருட்டு. நீதிபதியும், உடன் அமர்ந்து கருத்துச் சொல்லும் அசெஸர்களும் ரேகையை நம்பினார்கள். அது காங்காலி சரணின் விரல்தான், அவன் அந்த இரவு அந்த அறையில் பெட்டியைக் குடைந்தான் என்பதை ஏற்றார்கள். திருட்டுக்கு இரண்டு ஆண்டு சிறை. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவனை விடுவித்தார்கள். கத்தி அவன் கையில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. வந்தது ஒருவனா இருவரா என்பதும் தெரியாது. கட்டைவிரல் அவன் அங்கே இருந்ததைச் சொல்கிறது, அங்கே என்ன செய்தான் என்பதைச் சொல்லவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றமும் அந்த முடிவில் கைவைக்கவில்லை.

கொன்றவன் அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று படிக்கிற நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ரத்தம் தோய்ந்த விரலோடு பெட்டியைத் திறந்தவன் வேறென்ன செய்திருப்பான்? இருந்தும், புத்தம் புதிதாய் ஒரு சாட்சி வந்து நிற்கும்போது அதன் மினுமினுப்பில் மயங்காமல், ‘நீ எதைப் பார்த்தாயோ அதை மட்டும் சொல்’ என்று கேட்டார்களே, அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ரேகை நிபுணர் என்று ஒரு தொழில்கூட அன்றைக்குச் சட்டத்தில் கிடையாது. மறு ஆண்டு, 1899இல், இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விரல் பதிவுகளையும் சேர்த்துத் திருத்தம் வந்தது. நம் நீதிமன்றங்களில் ரேகை நிபுணர் கூண்டில் ஏறி நின்றது அந்தத் திருத்தத்தின் பலத்தில்தான்.

ஹென்றி 1901இல் லண்டன் போனார். அந்த ஆண்டு ஜூலையில் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1903இல் அவரே லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார். மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. திருட்டு வழக்குகளில் ரேகை செல்லுபடியானது. ஒரு மனிதனைத் தூக்கில் போட அது போதுமா என்ற கேள்வி மட்டும் நின்றது.

1905 மார்ச் 27, திங்கட்கிழமை காலை. லண்டனின் டெட்ஃபர்ட் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு பெயின்ட் கடை. மேலே குடியிருந்து கடையைக் கவனித்துவந்த முதியவர் தாமஸ் ஃபாரோ அடித்துக் கொல்லப்பட்டிருந்தார். அவர் மனைவி ஆன் நினைவில்லாமல் கிடந்து, நான்கு நாளில் இறந்தார். வாரத்து வியாபாரப் பணம் இருந்த சின்னப் பெட்டி காலியாகக் கிடந்தது. அதன் உள்தட்டில் ஒரு கட்டைவிரல். பெட்டியை ஒரு சார்ஜென்ட் நகர்த்தி வைத்திருந்தார் என்று தெரிந்ததும் அவருடைய ரேகையையும், இறந்த இருவரின் ரேகைகளையும்கூட எடுத்து ஒப்பிட்டு விலக்கினார்கள். இந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அலமாரியில் இருந்த 80,000க்கும் மேற்பட்ட பதிவுகளில் ஒன்றும் பொருந்தவில்லை. அக்கம்பக்கத்து விசாரணையில் ஆல்ஃபிரட், ஆல்பர்ட் ஸ்ட்ராட்டன் என்ற சகோதரர்கள் சிக்கிய பிறகுதான், ஆல்ஃபிரட்டின் வலது கட்டைவிரல் பொருந்தியது.

வழக்கில் ஒரு விசித்திரம். கொலை விசாரணைக்குக் கைரேகையைப் பயன்படுத்தலாம் என்று 25 வருஷம் முன்பே எழுதிய ஃபால்ட்ஸ், எதிர்த்தரப்புக்கு உதவ வந்திருந்தார். ஒரே ஒரு விரலை வைத்து ஓர் உயிரை எடுக்கக் கூடாது, பத்து விரலும் வேண்டும் என்பது அவர் வாதம். தான் பெற்ற பிள்ளை தப்பு வழியில் போகிறதோ என்ற பதைப்பு அதில் இருந்தது என்று நான் எண்ணுகிறேன். அரசுத் தரப்பில் இன்ஸ்பெக்டர் காலின்ஸ் பெரிதாக்கிய படங்களைக் காட்டி 11 இடங்களில் ஒற்றுமை என்றார். ஜூரி ஒருவரின் விரலையே அங்கேயே பலமுறை பதியவைத்து, அழுத்தத்தால் வரும் வித்தியாசம் எது, ரேகையின் வித்தியாசம் எது என்று விளக்கினார். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று நீதிபதி சானல் எச்சரித்தார். சகோதரர்கள் குற்றவாளிகளே என்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள். மே 23 அன்று சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஜல்பாய்குரி வழக்கில் தாண்டாத கோட்டை லண்டன் தாண்டியது.

உலகம் அந்த வகைப்படுத்தலை ‘ஹென்றி முறை’ என்றே அழைத்தது. கம்ப்யூட்டர் வரும்வரை பல நாட்டுக் காவல் துறைகளின் அலமாரிகள் அந்த 1024 மாடக் கணக்கிலேயே ஓடின. ஹக்கும் போஸும் வங்காள, பீகார்ப் போலீஸ் கோப்புகளுக்குள் இருந்தார்கள். பின்னாளில் ஹக்குக்குக் கான் பகதூர் பட்டம், போஸுக்கு ராய் பகதூர் பட்டம், ஆளுக்கு 5,000 ரூபாய் வெகுமதி. அந்த முறையைச் செம்மையாக்கியதில் தன் அலுவலர்களில் மற்ற எல்லோரையும்விட ஹக்கின் பங்கே பெரிது என்று 1926இல் ஹென்றி எழுத்தில் ஒப்புக்கொண்டார். முறை பிறந்து 30 வருஷம் ஓடிய பிறகு வந்த ஒப்புதல் அது. ஹக் 1935இல் பீகாரின் மோதிஹாரியில் காலமானார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் கைரேகைச் சங்கம் அவர்கள் இருவர் பெயரிலும் ஒரு பரிசு ஏற்படுத்தியது. நம் பள்ளிப் பாடங்களில் இந்தப் பெயர்களை நான் படித்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஃபால்ட்ஸின் பதைப்பும் வீண் போகவில்லை. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகரின் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் அரைகுறையாக ஒரு விரல். அமெரிக்காவின் எஃப்பிஐ கம்ப்யூட்டரில் தேடி, அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்றது. மூன்று நிபுணர்கள் பார்த்து உறுதி சொன்னார்கள். நீதிமன்றம் அமர்த்திய நிபுணரும் அதையே சொன்னார். ஸ்பெயின் போலீஸ் மட்டும் பொருந்தவில்லை என்றது. இரண்டு வாரம் சிறையில் இருந்த பிறகு, அந்த விரல் ஓர் அல்ஜீரியனுடையது என்று ஸ்பெயின் கண்டுபிடிக்க, வழக்கறிஞர் வெளியே வந்தார். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது. ரேகை பொய் சொல்லவில்லை. முழுதாகத் தெரியாத ரேகையைத் தெரிந்ததாகச் சொன்னது மனிதர்கள். அந்த நால்வருக்கும் ஜல்பாய்குரித் தீர்ப்பை யாராவது படித்துக் காட்டியிருக்கலாம்.

இதை எழுதுவதற்காகப் போன மாதம் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுத்தேன். ஊதா மை ஓரத்தில் பரவியிருந்தது, நடுப்பகுதி தெளிவு. தம்பியின் மகளுடைய பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெள்ளையாய் வெட்டுக் கோடுகள், அரிவாள்மணை கீறியவையாக இருக்கும். அவற்றுக்குக் கீழே மேடுகள் ஒன்றுகூட அழியாமல் சுற்றிச் சுற்றி உள்ளே போயின. பாட்டியின் பத்து விரலில் காகிதத்தில் மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான். ஆறாம் எண் விரல், மதிப்பு 4. அதில் இருப்பது சக்கரம்.